வெளிச்சம் ஆகாதவர்

எரிவாயுச் சிலிண்டரை மூடினாள்.

மறுபடியும் திருகிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது.

கடற்கரைச் சுற்றுலா முகாமின் அலுவலகத்துப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். காரின் பின்னால் இழுத்து வந்த கரவன் வீடு இங்கேயே நிற்கலாம். ஆளில்லாமல் ஓர் இரவு நிற்பதென்றால் எரிவாயு மூடியிருக்க வேண்டும். உள்ளே நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. புல் காய்ந்துவிட்டது. காற்றும் பலமாக இருக்கிறது. வாசலில் சிவப்புப் பலகை வைத்திருந்தார்கள். மாநிலம் முழுவதும் தீத்தடை.

மத்தியானம் கட்டிலில் சாய்ந்த கணவன் எழும்பவில்லை.

அம்புலன்ஸ்காரர்கள் அவசரமில்லாமல் கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் அவளுக்கு முழுவதும் விளங்கியது.

அவனை நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளும் போக வேண்டும். இரவு அங்கேதான்.

கைபேசி அதிர்ந்தது. மாமி. அவனுடைய அம்மா. கடலுக்கு அப்பால் ஊரில், கொக்குவிலிலிருந்து.

அழுது முடித்த குரல்.

“விளக்கு வைச்சிட்டியோ, பிள்ளை?”

“வைக்கிறன் மாமி.”

“அவன்ர உயிர் போன இடம். இண்டைக்கு இருட்டில விடாதை, என்ன.”

“ஓம் மாமி.”

அலுமாரித் தட்டில் சின்னப் பிள்ளையார் படம் இருந்தது. படத்துக்கு முன்னால் ஒரு சிட்டி விளக்கு. எண்ணெய் விட்டாள். திரி போட்டாள். நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

வெளியே காய்ந்த புல் காற்றில் உரசிக்கொண்டிருந்தது.

நெருப்புப்பெட்டியைத் திரும்ப வைத்தாள்.

சுவிட்சை அழுத்தினாள். எரியவில்லை. கரவனின் பற்றரி காலையிலேயே இறங்கியிருந்தது. சாப்பிட்டிட்டுப் பாக்கிறன் என்று சொல்லியிருந்தான்.

சாப்பிட்டான்.

ரோச் லைற்றைக் கட்டிலருகே நிமிர்த்தி வைத்தாள். கூரையில் ஒரு மங்கல் வட்டம் விழுந்தது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளால் கணக்குப் போட முடியும்.

போடவில்லை.

யன்னல் திரையை முழுவதும் விலக்கிவிட்டு இறங்கினாள்.

பக்கத்து இடத்து வெள்ளைக்காரர் தன் பழைய பிக்கப் வண்டியருகே நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. வண்டியின் முகம் எப்போதும்போலக் கடலைப் பார்த்திருந்தது. பின்னால் அவருடைய கூடாரம்.

வந்த முதல் நாள் அவர்தான் கதவைத் தட்டினார். உங்கள் வாசல் விளக்கு என் கூடாரத்தில் விழுகிறது, துளி வெளிச்சம் இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது என்றார். அவன் மன்னிப்புக் கேட்டு அணைத்துவிட்டு உள்ளே வந்தான்.

“உவர் என்ன, வௌவாலோ?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு அந்த விளக்கை அவர்கள் போடவேயில்லை.

“நான் ஏதாவது செய்யட்டுமா?” என்றார் அவர்.

ஒன்றுமில்லை என்று சொன்னால் போதும். அவளுக்கு எப்போதும் வாயில் வருவது அதுதான்.

“இன்றிரவு அந்த இடம் இருட்டாக இருக்கக் கூடாது,” என்றாள். “எங்கள் வழக்கம்.”

சொன்னதுமே கூச்சமாகிவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறினாள். கண்ணாடியில் கரவன் சிறிதாகிக்கொண்டே வந்தது. யன்னலில் இருந்த வெளிச்சம் அதற்கு முன்பே தெரியாமல் போனது.



காலையில் தனியாகத்தான் திரும்பி வந்தாள்.

ரோச் லைற் அணைந்திருக்கும். அது தெரிந்துதான் வந்தாள். மாமியின் அழைப்பை வழியில் எடுக்கவில்லை.

முகாமுக்குள் நுழைந்ததும் ஏதோ மாறியிருப்பதுபோல் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

அவருடைய வண்டியின் முன்மூடி திறந்திருந்தது. அருகே ஒரு மடக்குக் கதிரை. அதன் மேல் கசங்கிய போர்வை. அவர் முகம் மழிக்கப்படாமல் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

“பற்றரி இறங்கிவிட்டது,” என்றார். அவளைப் பார்க்காமல் சொன்னார். “உங்கள் பற்றரியோடு இணைக்கிற கம்பி இருக்கிறதா?”

இருந்தது. கட்டிலின் கீழ்ப் பெட்டியில்.

உள்ளே போனாள். ரோச் லைற் அணைந்துதான் இருந்தது. மெத்தையில் அவன் தலை வைத்த பள்ளம் அப்படியே இருந்தது. அதைக் குலைக்காமல் பெட்டியை இழுத்தாள்.

தன் காரை அவருடைய வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். சிவப்புக் கம்பியை அவருடைய பற்றரியில் மாட்டினாள். சிவப்பின் மறு முனையைத் தன்னுடையதில். பிறகு கறுப்பைத் தன்னுடையதில். கடைசி முனையைப் பற்றரியில் மாட்டக் கூடாது. அவருடைய எஞ்சினின் வெற்று இரும்பில்தான் மாட்ட வேண்டும். அவன் சொல்லித் தரவில்லை. அவள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

குனிந்து கடைசி முனையை இரும்பில் வைத்தாள்.

ஒரு சின்னப் பொறி.

வண்டியின் முன்விளக்குகள் இரண்டும் எரிந்தன.

யாரும் சுவிட்சைத் தொடவில்லை. அது ஏற்கெனவே போட்டபடிதான் இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் பிடிபட்டது. வண்டி கடலைப் பார்த்து நிற்கவில்லை. அவளுடைய யன்னலைப் பார்த்து நின்றது.

வெளிச்சம் திரை விலக்கிய யன்னல் வழியாக உள்ளே போய் மெத்தையில் விழுந்திருந்தது. காலை வெயிலில் மிகவும் மெலிதாக.

அவர் அவசரமாக வண்டிக்குள் கையை நீட்டினார்.

“கொஞ்சம் இருக்கட்டும்,” என்றாள்.

கை நின்றது.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. கொக்குவிலில் இன்னும் விடிந்திருக்காது. மாமி தூங்கியிருக்க மாட்டார்.

இந்த முறை எடுத்தாள்.

“பிள்ளை, விளக்கு?”

“எரியுது, மாமி.”