ஐந்தாம் வகுப்பு, தேவசகாயம்

நாற்பத்து மூன்று வயது தேவசகாயம் அன்றைக்கும் ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்தான். சின்ன வயதில் லாரிப் பட்டறைக்கு வேலைக்கு ஓடிய அவசரத்தில் டி.சி. வாங்காமல் விட்டதுதான் வினை. தெருவில் பிள்ளைகள் அற்றுப்போய், பள்ளியை இயந்திரத் தலைமையாசிரியர் நடத்த ஆரம்பித்தபோது, பதிவேட்டில் மிச்சமிருந்தது அவன் பெயர் மட்டும்தான்; அதை வைத்தே அவனைத் திரும்ப வகுப்புக்கு வரவழைத்துவிட்டது. ஒரு நாள் மட்டம் போட்டாலும் வீட்டுக்கு ரேஷன், கரண்டு எல்லாம் நின்றுவிடும்.

வழக்கம்போல் எழுந்து பள்ளியின் வரலாற்றை ஒப்பித்தான். ஓலைக் கொட்டகையில் பதினொரு பிள்ளைகளோடு தொடங்கியது, கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்ட பிள்ளையை மட்டும் சேர்த்துக்கொண்டது, புயலில் கூரை பறந்தது.

"சார், இப்பமாவது டி.சி. தாங்க."

"நீ போனா பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க தம்பி. இன்னொரு பிள்ளை சேரட்டும், அன்னைக்கே தாரேன்," என்றது சுவரிலிருந்த குரல்.

அவன் மறந்து வைத்த தூக்குவாளியோடு பள்ளிக்கு எதிரிலிருந்த அவன் வீட்டிலிருந்து மகள் ஜெபா ஓடி வந்தாள். டவுன் பள்ளியில் சேர்க்க அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஐந்து வயதுப் பிள்ளை. அவன் வீட்டில் ஒப்பித்துப் பார்ப்பதைக் கேட்டே வளர்ந்தவள்.

"உள்ள வராத!" என்று அவன் கத்துவதற்குள், "அப்பா, எனக்கு எட்டுதே!" என்று தலைக்கு மேலே கையை வளைத்துக் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"வயசு சரி. சேர்த்தாச்சு."

மேசையில் அவனுடைய டி.சி. அச்சாகி விழுந்தது.

"எந்திரி தம்பி, பாப்பா உக்காரட்டும்."

தேவசகாயம் இரண்டு கையாலும் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டான்.