பத்தாவது சொல்

விரல் அவளிடம் வந்து நின்றது.

நின்றதோடு சரி. சொல் வரவில்லை.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது யூதர்கள் வழக்கம். பத்துச் சொல் கொண்ட ஒரு வேத வசனம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு சொல். குழுத்தலைவி டாலியா, தன்னையும் சேர்த்து ஒன்பது பேருக்கு ஒன்பது சொல்லைக் கொடுத்துவிட்டாள். பத்தாவதை வாயிலேயே வைத்துக்கொண்டாள்.

யூதப் பிள்ளைகளின் கோடை முகாம். நேற்றுவரை நாற்பது பேராகக் கூடி ஜெபித்தார்கள். யாரும் யாரையும் எண்ணவில்லை. இன்று சுற்றுலா நாள். ஒரு பஸ் கடலுக்கு, ஒரு பஸ் நகரத்துக்கு, இந்தச் சின்ன வேன் மட்டும் அருவிக்கு.

வேனில் பத்தே பேர்.

அவளுடைய அப்பா இறந்து இன்றோடு ஒரு வருஷம். கதீஷ் சொல்ல வேண்டும். இறந்தவருக்காகப் பிள்ளை சொல்லும் ஜெபம். பத்து யூதர்கள் கூடி நின்றால்தான் சொல்லலாம். சூரியன் விழுந்தால் நாள் முடிந்தது. மற்ற இரண்டு பஸ்ஸும் திரும்ப ஒன்பது மணி ஆகும்.

டாலியா அவளை வேனுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். குரலில் அத்தனை தேன்.

"தப்பா எடுத்துக்காதே. உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. அம்மா யூதரா இருந்தாத்தான் கணக்கு. என் கையில என்ன இருக்கு?"

அப்படியா.

முகாமில் சேர்க்கும்போது தெரியாதா? பெண்களையும் சேர்த்துத்தான் எண்ணுவோம் என்று பெருமை வேறு. சாப்பாட்டு மேசை துடைக்கிற முறை வந்தபோது மட்டும் அவள் கணக்கில் வந்தாள்.

அம்மா கோமதி பாளையங்கோட்டைக்காரி. அப்பாவை அடக்கம் செய்த வாரமே எங்கிருந்தோ ஒரு ஒலிப்பதிவைப் பிடித்தாள். கதீஷைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். வாயில் நுழையாத அந்தச் சொற்களை முதலில் தான் மனப்பாடம் செய்தாள். பிறகு மகளை அடுக்களையில் நிறுத்திவைத்துச் சொல்லவைத்தாள். ஒரு சொல் பிசகினால் மறுபடி முதலிலிருந்து.

அந்த அம்மாவால்தான் கணக்கில் இல்லையாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அருவிக்கு வந்து நின்ற கார்களில் டாலியா கார் காராக ஆள் தேடினாள். இருபது நிமிஷத்தில் ஒருவரைக் கூட்டிவந்தாள். ஈர அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் ஐஸ்கிரீம். அவர் அம்மா யூதராம். ஜெபத்தைக் காதால் கேட்டே முப்பது வருஷம் இருக்கும் என்று சிரித்தார். வீட்டுக்காரி காரில் இருக்கிறாள், நேரம் ஆகுமா என்று கேட்டார். நல்ல மனுஷர்தான். அவர்மேல் என்ன கோபம்?

பத்தாவது சொல் அவருக்குக் கிடைத்தது.

இப்போது நீ சொல்லலாம் என்று டாலியா கண்ணால் காட்டினாள்.

போடி, நீயும் உன் பத்தும் என்று நடையைக் கட்டியிருப்பாள். ஆனால் இது அப்பாவுடையது.

சொன்னாள். தாள் இல்லை, புத்தகம் இல்லை. பக்கத்துக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் அவர்கள் ஆமென் சொன்னார்கள். ஐஸ்கிரீம்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தினார்.

கடைசி வரி வந்தது. அவள் அதை முடித்தால்தான் அவர்கள் கடைசி ஆமெனைச் சொல்ல முடியும். அதுவரை யாரும் நகர முடியாது.

பாதியில் நிறுத்தினாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்து டாலியா அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

காரிலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

மலைமேல் வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. நிற்கட்டும் என்று நின்றாள்.

பத்துப் பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.