பன்னிரண்டாம் பாகத்தின் ரகசியம்

"யார் சொன்னதுன்னு ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க. காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பிடலாம்."

மேலாளர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. எதிரே இருந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பாதி வேலையில் வரச் சொன்னதால் கிரீஸ் கறையோடு வந்திருந்தார். வெள்ளை நாற்காலி அழுக்காகிவிடுமே என்று அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை. அந்த வீடியோ கேம் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கதை எழுதுகிறவள். 'கரும்பாறைக் கோட்டை' விளையாட்டின் பன்னிரண்டாம் பாகம் வெளிவர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதன் கதை கம்பெனியில் ஆறே பேருக்குத்தான் தெரியும். அந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. மற்ற ஐந்து பேருக்கும் லிஃப்ட் மெக்கானிக் அண்ணன் கிடையாது.

"நான் வீட்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல சார்," என்றாள்.

"அப்போ இது என்ன?" மேலாளர் சில தாள்களைத் தூக்கிக் காட்டினார். "போன வாரம் புகார்ப் பிரிவுக்கு வந்திருக்கு. மூணு பக்கம். பன்னிரண்டாம் பாகத்தைப் பத்தி. அனுப்பினவர் முகவரியும் உங்க முகவரியும் ஒண்ணு."

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு பாகம் வந்ததும் இரண்டு நாள் லீவு போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு விளையாடி முடித்து, "பிரமாதம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருகிற அண்ணன். அவர் புகார் எழுதுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"நீயாண்ணா எழுதின?"

"நான்தாம்மா."

"முதல் ரெண்டு பக்கமும் ஒரே திட்டு. அது நமக்கு வேண்டாம்." மேலாளர் அவற்றைக் கவிழ்த்து வைத்தார். ரசிகர்களின் திட்டைப் படிக்காமல் ஒதுக்குவதில் அவருக்கு இருபது வருட அனுபவம். "மூணாவது பக்கத்துக்கு வரேன். 'நாலாவது கட்டத்தில் கயிற்றுப் பாலம் அறுந்து விழுகிறது. படகோட்டி செத்துப்போகிறான். கடைசியில் கறுப்பு முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது கதாநாயகனின் சொந்தத் தம்பி.' இதெல்லாம் எப்படிங்க உங்களுக்குத் தெரியும்? என் பொண்டாட்டிக்கே நான் சொல்லல."

மெக்கானிக் தன் தொப்பியை மடியில் வைத்துத் திருகினார்.

"போன மாசம் இந்த பில்டிங் லிஃப்ட்டைப் பாக்க நீங்கதானே வந்தீங்க? எங்க மாடியில நின்னு ஒட்டுக்கேட்டீங்களா?"

"நான் கீழே லிஃப்ட் குழிக்குள்ள நின்னேன் சார். மேல இருந்து எலி விழுந்தாத்தான் தெரியும்."

"ஒருவேளை குத்துமதிப்பா எழுதியிருப்பாரு சார்," என்றாள் தங்கை.

"பாலம், படகோட்டி, தம்பி. மூணும் வரிசையா, குத்துமதிப்பா?"

அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

மேலாளர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்க வேலைநீக்க உத்தரவும்மா. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. உங்க அண்ணன் வேற யார் பேரையாவது சொன்னா இப்பவே கிழிச்சிடறேன். இல்லேன்னா எனக்கு வேற வழியில்ல."

தங்கைக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. "அந்தப் படகோட்டி சாகிற இடத்தை எழுத எனக்கு எட்டு மாசம் ஆச்சு சார். எழுதிட்டு நானே அழுதேன். யாரும் எதிர்பார்க்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்சதை நானே போய் வெளியில சொல்வேனா?"

அண்ணன் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உதட்டை இறுக்க மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"பாத்தீங்களா, வாய் வரைக்கும் வந்துடுச்சு," என்று சொல்லிக்கொண்டே மேலாளர் பேனாவைத் திறந்தார்.

"அண்ணா, சொல்லித் தொலையேன். யாரைக் காப்பாத்தப் பாக்கறே?"

"உன்னைத்தாம்மா."

"இந்த லட்சணத்துலயா?"

பேனா தாளைத் தொடப் போனது. மெக்கானிக் சட்டென்று கையை நீட்டித் தாளை மூடினார். உத்தரவு முழுக்கக் கிரீஸ் அப்பிக்கொண்டது.

"சொல்லிடறேன் சார். இவ மட்டும் கொஞ்ச நேரம் வெளியில இருக்கட்டும்."

"நான் எங்கயும் போகமாட்டேன்," என்றாள் தங்கை.

அவர் பெருமூச்சு விட்டார். தங்கையின் மனது நோகும் என்பதைவிட அவள் வேலை போய்விடும் என்பது பெரிதாகத் தெரிந்தது.

"எனக்கு இந்தக் கேம்னா உயிர் சார். அதனாலதான் மனசு கேக்காம ஒவ்வொரு பாகம் வந்த பிறகும் உங்களுக்கு எழுதிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். 'தங்கள் கருத்து தாமதமாகக் கிடைத்தது, அடுத்த பாகத்தில் கவனிக்கிறோம்'னு. அதான் இந்தத் தடவை முன்னாடியே அனுப்பிட்டேன்."

"இன்னும் வராத பாகத்தைப் பத்தி எப்படிங்க முன்னாடியே எழுத முடியும்?"

மெக்கானிக் தங்கையின் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"புதுசா எதுவும் எழுதல சார். ஏழாம் பாகத்துக்கு எழுதினதுதான். நம்பரை மட்டும் மாத்தினேன்."