முதலாளிக்குப் பசிக்கும்

"தண்ணி மாத்திட்டே, லைட்டக் குறைச்சிட்டே, நத்தையும் விட்டுட்டே. அப்புறமும் பாசி அடங்கலன்னா, வீட்ல யாரோ தாராளமா தீனி போடுறாங்கன்னு அர்த்தம்மா."

வண்ணமீன் கடைக்காரர் அவளுடைய செல்போனை எட்டப் பிடித்துப் படத்தைப் பார்த்தார். மேசை மேல் வைக்கிற அளவுக்குச் சின்னக் கடல்நீர்த் தொட்டி. உள்ளே பாறைக்குத் தலைமுடி முளைத்த மாதிரி பச்சைப் பாசி. அதற்கு நடுவே ஆரஞ்சு நிறப் பொத்தான்களாக உயிர்ப் பவளங்கள் மூச்சுமுட்டிக் கிடந்தன.

"அண்ணன்தான் சார் போடுறான்."

"எத்தனை மீன்?"

"ஒண்ணுதான். உங்ககிட்ட வாங்கினேனே, அதுதான். எப்பப் பாரு கல்லுக்குள்ளயே உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தலைய நீட்டும். அதான் முதலாளின்னு பேர் வச்சோம்."

"ஒரு மீனுக்கா இவ்வளவு பாசி? மீன் திங்காம விடுறதைத்தான் பாசி திங்கும். உங்க முதலாளி என்ன, உண்ணாவிரதமா?"

அவள் சிரிக்கவில்லை. உப்பு மூட்டை மேல் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாளைக்குத் தீனிய நிறுத்து. பாசி தானா வாடிடும்," என்றார் அவர்.

"நிறுத்த முடியாது சார்."

"அப்பப் பவளம் போயிடும். பாசி மூடிடுச்சுன்னா அவ்வளவுதான்."

அவளுக்கு அது தெரியாதா என்ன. ஒற்றைப் பொத்தானாக வாங்கி வந்த பவளம். அவள் பார்க்கப் பார்க்கக் குட்டி போட்டுப் பெருகியது.

"கால் ஒடஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தான் சார். எலும்பு கூடிடுச்சு, இனி நடந்தாதான் கால் தேறும்னு டாக்டர் சொல்லிட்டார். இவன் கட்டில விட்டு எறங்க மாட்டேங்கிறான். தீனி போட மட்டும்தான் காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை ஹாலுக்கு வரான். அதையும் நிறுத்திட்டா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவான்."

கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பப் பிரஷ்ஷ எடுத்துத் தேய். கை வலிக்கும். வேற வழியில்ல."

சாயங்காலம் வீட்டில் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"என்ன வாலு, கல்லுக்குப் பல் வெளக்கி விடுறியா?"

"எல்லாம் உன் புண்ணியம். கிள்ளிப் போடுன்னா அள்ளிப் போடுற."

"முதலாளி எங்க?"

"உள்ளதான் இருக்கும். நீ போடு." அவள் நிமிரவில்லை.

அண்ணன் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை தூவினான். போன வாரம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். இன்று பிடிக்கவில்லை. அதை ஓரக்கண்ணால் பார்த்தவள் கொஞ்சம் வேகமாகத் தேய்த்துவிட்டாள். பாசியோடு சேர்ந்து ஒரு பவளப் பொத்தானும் பிய்ந்து வந்தது.

அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள்.

அண்ணன் டப்பாவை மூடினான். "போதும். இனிமே தீனி வேண்டாம்."

அவள் சட்டென்று திரும்பினாள். "ஏண்ணா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நான் தேய்ச்சுக்கறேன். நீ போடு."

"வேண்டாம்னா வேண்டாம். பவளமாவது பொழைக்கட்டும்."

"அப்ப முதலாளி? பசிக்காதா அதுக்கு?"

அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் கையிலிருந்து பவளத்தை எடுத்து, பாறையில் ஒரு பொந்து பார்த்துச் செருகினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே, நீ முதலாளியப் பூச்செடிக்கு அடியில பொதைச்சத ஜன்னல் வழியாப் பாத்துட்டேன், வாலு. ஆஸ்பத்திரியில நீ என்கூடவே கெடந்ததுல, இங்க தொட்டியில தண்ணி வத்தி, உப்பு ஏறி அது செத்துப் போச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லல. மறுநாள் காலையில வந்து, 'எந்திரிண்ணா, முதலாளிக்குப் பசிக்கும்'னு நின்ன பாரு, அப்புறம் எப்படி நான் படுத்துக் கெடக்கறது? சரி, நாளைக்கு நானும் கடைக்கு நடந்தே வரேன். சொல்லு, இந்தத் தடவ என்ன மீன் வாங்கலாம்?"