செத்தவனுக்குக் கொடுக்க வேண்டிய கை

திரை விழுந்துவிட்டது.

அவன் கையில் கத்தி இன்னும் இருந்தது. காலடியில் அண்ணன் செத்துக் கிடந்தான்.

மரக் கத்தி. வெள்ளித்தாள் ஒட்டியது.

திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் ஓயவில்லை. பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு துன்பியல் நாடகத்துக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

இனி அவன் ஒன்று செய்தாக வேண்டும்.

ரூபி டீச்சரின் நாடகக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் கொன்றவன்தான் செத்தவனைக் கைகொடுத்து எழுப்ப வேண்டும். அந்தக் கை வரும்வரை செத்தவன் கண் திறக்கக் கூடாது. அப்புறம்தான் வணக்கம் சொல்லத் திரை மறுபடியும் திறக்கும். பழியை மேடையிலேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்பார் டீச்சர்.

ஒத்திகையில் திரை கிடையாது. அதனால் எழுப்புவதும் கிடையாது. குத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விடுவான்.

சும்மா சொல்லக் கூடாது, குத்தும்போது அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு சந்தோஷமாகப் பழிவாங்காதே என்று டீச்சரே ஒருநாள் அதட்டினார்.

பழைய இங்கிலீஷ் நாடகம். டீச்சர் தமிழாக்கியது. தகப்பனைக் கொன்ற அண்ணனைத் தம்பி தேடிவந்து கொல்கிறான். அண்ணன் வேஷக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதும், டீச்சர் தன் பழைய மாணவன் ஆசீரைக் கூட்டிவந்தார்.

ஆசீர் அவனுடைய சொந்த அண்ணன்.

அது டீச்சருக்குத் தெரியும். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது தெரியாது. தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டார்.

அப்பா போனது, ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்த மழையில். ஊரில் தனியாக இருந்தார். தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆசீரால் அந்த வீட்டுக்குப் போக முடிந்தது. அப்போது மஸ்கட்டில் வேலையில் இருந்த தம்பி போனில் அழுதான். தான் வந்து சேரும்வரை சவப்பெட்டியை மூட வேண்டாம் என்று கெஞ்சினான்.

ஆசீர் அன்றைக்கே மூடிவிட்டான். அன்றைக்கே அடக்கம்.

பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுக்காத வீடு அவர்கள் பக்கத்தில் உண்டா? அதையும் எடுக்க விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஆசீர் வாயே திறக்கவில்லை.

காரணத்தைத் தம்பி தானே மனதுக்குள் எழுதிக்கொண்டான். அப்பாவுக்குச் சின்னவன் மேல் உயிர். பெரியவனுக்கு அதில் வயிற்றெரிச்சல்.

நாடகம் எழுதிய அந்த இங்கிலீஷ்காரனும் அதே காரணத்தைத்தான் எழுதி வைத்திருந்தான். ஏன் செய்தாய் என்று தம்பி கேட்பான். அண்ணன் பக்கம் பக்கமாகப் பதில் சொல்வான். அப்பா உன்னைத்தானே நேசித்தார், அதனால் செய்தேன் என்று. ஒத்திகையில் ஆசீர் ஒரு சொல் பிசகாமல் அதை ஒப்பித்தான். தாளைப் பார்த்துக்கொண்டே.

இன்றைக்குத் தாள் இல்லை.

ஏன் செய்தாய் என்று அவன் கேட்டான். ஆசீர் அவன் முகத்தைப் பார்த்தான். வசனம் வரவில்லை. திரையோரத்திலிருந்து ஒரு பெண் முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் கொடுத்தாள். ஆசீரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அதை நடிப்பென்று நினைத்து மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. குத்தினான்.

இப்போது ஆசீர் கண்ணை மூடிக் கிடக்கிறான். ஒத்திகையில் தானாக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்கிறவன், இன்று அசையவில்லை. வழக்கத்தை மீறுகிற ஆள் இல்லை.

பக்கவாட்டிலிருந்து டீச்சர் கை காட்டினார். திரைக் கயிற்றைப் பிடித்திருந்தவர் காத்திருந்தார்.

அவன் கை கத்தியை விடவில்லை.

கை கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். முடிய அவனுக்கு மனம் இல்லை. அப்பா என்று அவனிடம் மிச்சம் இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான்.

குனிந்தான். மூடிய இமைகளின் ஓரத்தில் பவுடர் கரைந்து வழிந்திருந்தது. காதோரம் நரை. மோவாயில் அப்பாவுக்கு இருந்த அதே குழி. இத்தனை நாள் இத்தனை பக்கத்தில் இந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. எழுந்துவிடேன் என்றிருந்தது அவனுக்கு.

கண்ணைத் திறக்காமலே ஆசீர் பேசினான். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"அப்பாவோட அந்த மொகத்த நான் பாத்துட்டேம்ல. ஒனக்காவது பழைய மொகம் இருக்கட்டும்னு நெனச்சேன்."

கைதட்டல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அவனுக்குக் கேட்கவில்லை.

தண்ணீர் வடிகிறவரை அப்பா நாள்கணக்கில் தனியாகக் கிடந்த வீடு. கரன்ட் இல்லாத ஊர். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனவன் ஆசீர்தான்.

அவனுக்கு அப்பா என்றால் இன்றைக்கும், விமான நிலையத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்று, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே சிரிக்கிற முகம்தான். வேறொரு முகம் அவனுக்கு வந்ததே இல்லை. அது யார் காத்து வைத்த முகம் என்று அவன் யோசித்ததும் இல்லை.

கத்தி பலகையில் விழுந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது.

ஆசீர் கண்ணைத் திறந்தான். கை வருவதற்கு முன்பே.

இதற்கு மேல் கூட்டம் பொறுக்காது என்று நினைத்தாரோ என்னவோ, கயிற்றுக்காரர் இழுத்துவிட்டார்.

திரை திறந்தபோது, செத்தவன் கொன்றவனைக் கைகொடுத்து எழுப்பிக்கொண்டிருந்தான்.