செட்டு மாத்திரை

மருந்துக்கடை மேசையில் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள்.

மிச்சம் இரண்டு மாத்திரைகள். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. அட்டையிலிருந்து கத்தரித்தவை. பேர் இருந்த பக்கம் இல்லை.

"இந்தச் செவப்புக்குப் பேரு வேணும்ணே."

கடைக்காரர் அல்போன்ஸ் நிமிரவில்லை. அடுத்த ஆளுக்கு அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"காய்ச்ச மாத்திர. வேற என்ன?"

காய்ச்சல் மாத்திரையாம்!

அவள் புருஷன் இன்னாசி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். முகம் வீங்கி, கால் வீங்கி. நேற்றுக் காலையிலிருந்து சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. கட்டிலில் தொங்கும் பை காலியாகவே இருக்கிறது.

போன வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது, மலேரியா என்று சொன்ன நர்ஸ் வீடு தேடி வந்துதான் மாத்திரை கொடுத்தாள். காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் மட்டும், வலி மாத்திரை கூடவே கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்றாள். இன்னாசி நன்றாகத் தலையாட்டினான்.

மறுநாள் கடலுக்குப் போக வேண்டும். உடம்பு வலி விடவில்லை. நேரே இங்கே வந்து, நாலைந்து மாத்திரையை வெட்டிச் சேர்த்து வேளைக்கு ஒன்றாகக் கட்டித் தரும் செட்டை மூன்று நாளைக்கு வாங்கிக்கொண்டான். நர்ஸ் கொடுத்ததையும் இதையும் சேர்த்தே விழுங்கினான். கடலில் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை.

ஊரே இங்கேதான் செட்டு வாங்குகிறது. அவளும் வாங்கியிருக்கிறாள், பேர் கேட்காமல்.

எல்லாம் சேர்ந்து கிட்னியை அடித்திருக்கும் என்றார் டாக்டரம்மா. என்ன மாத்திரை என்று தெரிந்தாக வேண்டும், பேரைக் கேட்டு வா என்று அனுப்பினார்.

"ஊருக்கே குடுக்குறேன். ஒருத்தரும் சாகல. போ, போய் ஆக வேண்டியதப் பாரு."

"சாகுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. தள்ளிக்க தாயி என்றது ஒரு குரல்.

தள்ளமாட்டாள். இன்றைக்கு அவள் யாருக்கும் நல்ல பெண்ணாக இருக்கப் போவதில்லை.

கடைக்குள் நாற்காலியில் அல்போன்ஸின் மகள் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். அவளுக்கும் காய்ச்சல். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். அதனருகே, வெட்டாத முழு அட்டை. பாராசிட்டமால் என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே வாசிக்க முடிந்தது.

அவள் சிவப்பு மாத்திரையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ஒங்க புள்ளைக்கு இத ஏண்ணே குடுக்கல?"

கத்தரி பாதி அட்டையில் நின்றது.

அல்போன்ஸ் திரும்பி மகளைப் பார்த்தார்.

பக்கத்தில் நின்றவர், அப்போதுதான் வாங்கிய பொட்டலத்தை மெல்ல மேசைமேல் வைத்தார். அடுத்து இன்னொரு பொட்டலம் வந்து விழுந்தது.

அவள் தன் பொட்டலத் தாளை நீவி, வெள்ளைப் பக்கம் தெரியத் திருப்பிப் போட்டாள்.

அல்போன்ஸ் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார்.