கூப்பிடு தூரம்

மிஷின் வாங்க வந்தவன் மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வெட்டிய கிளைகளைத் தூளாக்கும் மிஷின்கள் மூன்று வரிசையாக நிற்கின்றன. எது எத்தனை குதிரைச் சக்தி, எது எவ்வளவு தடிமன் வரை விழுங்கும் என்று அரை மணி நேரமாகத் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இந்த ஆள் செருப்பைக் கழற்றிப் போட்டு வாசல் வேம்பில் ஏறுகிறான்.

"ஏனுங்க, மிஷின் பாக்க வந்தீங்களா, எங்க மரத்தக் கழிக்க வந்தீங்களா?"

பதில் சொன்னது அவன் மனைவி. அவர் மேலே இருப்பார், நான் கீழே இருப்பேன், எங்கள் வேலையே அப்படித்தான் என்றாள்.

மரம் கழிப்பது அவர்கள் தொழில். அவன் மேலே வெட்டுவான். அவள் கீழே கயிறு பிடித்துக் கிளையை இறக்குவாள். மூன்றாவது ஆள் கிடையாது.

இப்போதெல்லாம் கிளையைக் குவித்து எரிக்கத் தோட்டக்காரர்கள் சம்மதிப்பதில்லை. தூளாக்கித் தென்னைக்கு அடியில் போட்டுத் தருகிறவனுக்குத்தான் வேலை. இனி அவள் கயிற்றையும் பார்க்க வேண்டும், மிஷினுக்கும் கிளை ஊட்ட வேண்டும்.

மிஷின் என்றால் சத்தம்.

அந்தச் சத்தத்தை நினைத்துத்தான் அவனுக்குப் பயம்.

போன ஆடியில் ஒரு வாகை மரம். இலைக்குள் கரண்டுக் கம்பி மறைந்திருந்தது மேலே இருந்தவனுக்குத் தெரியவில்லை. கீழே இருந்தவளுக்குத் தெரிந்தது. அவன் அரிவாளை ஓங்கிவிட்டான்.

"ஏனுங்க" என்று இரண்டு முறை கத்தினாள்.

அந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தோட்டக்காரர் திரும்பினார். வரப்பில் போன பால்காரர் திரும்பினார். அவன் திரும்பவில்லை.

மூன்றாவது முறை அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால் கார்டை நீட்டுகிறவள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கம்பிக்கும் அரிவாளுக்கும் நடுவே ஒரு சாண்.

மறுநாள் மாரியம்மன் கோயிலில் இரண்டு விளக்கு எரிந்தது. அவள் போட்டது பெயர் சொன்ன குற்றத்துக்கு. அவன் போட்டது அதே பெயருக்கு நன்றியாக.

இந்த உயிர் அவள் தொண்டையிலிருந்து வந்தது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவளும் அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

இப்போது கடை வேம்பின் உச்சிக் கவையில் உட்கார்ந்து, ஓட்டச் சொல்லிக் கையசைத்தான்.

கடைக்காரர் பெரிய மிஷினை ஓட்டினார். காக்கைகள் கிளம்பிப் போயின. கீழே அவள் வாய் திறந்து மூடியது தெரிந்தது. குரல் வரவில்லை. எல்லோரும் வாங்குவது இதுதான் என்று கடைக்காரர் சைகை காட்டினார். அவன் கையை விரித்தான்.

இரண்டாவதில் "ங்க" மட்டும் வந்தது.

மூன்றாவது சிறியது. மணிக்கட்டுப் பருமன்தான் தின்னும். மற்றதை அறுத்து அறுத்துத்தான் போட வேண்டும். நாலு நாள் வேலை ஆறு நாளாகும். அதை விற்கக் கடைக்காரருக்கே மனசில்லை. ஏதோ கேட்டுவிட்டார்களே என்று ஓட்டினார்.

"ஏனுங்க."

அவனுக்குப் பாம்புக் காது. அடுப்படியில் முணுமுணுத்தால் தெருமுனையில் கேட்டுவிடுகிறது என்று அவளே குறைப்படுவாள். மிஷின் சத்தத்துக்குள்ளிருந்து அவள் குரல் முழுசாக, அதன் கரகரப்போடு மேலே வந்தது.

ஆறு நாளானால் ஆகட்டும். இதுதான் மிஷின்.

இறங்க வேண்டியதுதான்.

அவன் இறங்கவில்லை. காதோரம் கையை வைத்துக் குனிந்தான். கேட்கவில்லை என்று தலையாட்டினான்.

அவள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.

மறுபடியும் தலையாட்டினான்.

அவள் கடைக்காரரைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணாந்தாள்.

"சென்னியப்பா."

கடைக்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலே இருந்தவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்தது. கவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அம்மா வைத்த பெயர்தான். ஊரே கூப்பிடுகிற பெயர்தான்.

கேட்டது என்று கையைத் தூக்கிக் காட்டினான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிடந்த செருப்பைக் காலால் நேராக்கி அடிமரத்தின் பக்கம் தள்ளினாள். தனக்குள் பேசிக்கொள்வதுபோல், உதடு அசைந்ததும் தெரியாமல் சொன்னாள்.

"போதும். எறங்குங்க."

அவன் உடனே இறங்கத் தொடங்கினான்.

மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.